களத்துக்குப் போகாதவரின் கவசம்

இந்த இளைஞர் நம்மைப் பார்க்க மாட்டார். படத்துக்கு முன்னால் எந்தப் பக்கம் நகர்ந்து நின்றாலும் அவருடைய கண்கள் நம்மைத் தாண்டி வேறெங்கோ போகின்றன. கழுத்துவரை எஃகு, அதற்கு மேல் தாடி அரும்பிய வெளிறிய முகம். ஒரு கை மட்டும் இரும்புக் கையுறை இல்லாமல் தலைக்கவசத்தின் மேல் படிந்திருக்கிறது. இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரத்தை ஆண்ட டியூக், முதலாம் கோசிமோ டி மெடிச்சி. வரைந்தவர் அவருடைய அரசவை ஓவியர் ப்ரொன்சினோ. காலம் 1543-45 வாக்கில். அப்போது டியூக்குக்கு வயது 25-ஐ ஒட்டி.

நான் இவரை முதலில் பார்த்தது ஃப்ளோரன்ஸில் இல்லை, சிட்னியில். நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஒரு கோசிமோ இருக்கிறார். உள்ளே போகக் கட்டணம் கிடையாது என்பதால் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனாலும் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். பிறகு ஃப்ளோரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகத்திலும் பார்த்தேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒருவர் இருக்கிறார், மாட்ரிட்டின் தைசன் அருங்காட்சியகத்தில் இன்னொருவர். அதே கவசம், அதே கை, அதே திருப்பிய முகம். ப்ரொன்சினோவும் அவர் பட்டறையும் பின்னால் வந்தவர்களுமாகச் சேர்ந்து செய்தவை 25-க்கும் மேல் இருக்கின்றன. ஒரு மனிதரின் உருவத்தை இத்தனை முறை ஏன் செய்தார்கள் என்ற கேள்விதான் என்னை இந்தப் படத்தோடு கட்டிப்போட்டது.

கவசத்தைப் பார்த்தால் போர்வீரர் என்று தோன்றும். கோசிமோ டியூக் ஆனது போரால் அல்ல, ஒரு கொலையால். 1537 ஜனவரி 6 இரவு. அப்போதைய டியூக் அலெஸ்ஸாண்ட்ரோ டி மெடிச்சியை அவருடைய தூரத்து உறவினரும் கூடவே சுற்றித் திரிந்த தோழருமான லொரென்சினோ, ஒரு பெண்ணைச் சந்திக்க வைப்பதாக ஆசை காட்டித் தன் வீட்டுக்கு வரவழைத்தார். மெய்க்காவலர்களை டியூக்கே அனுப்பிவிட்டார். படுக்கையில் வைத்துக் குத்திக் கொன்றார்கள். சாகும்போது டியூக் லொரென்சினோவின் விரலைக் கடித்துக் குதறினார் என்று சொல்வார்கள். கொன்றவர் கதவைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டே ஓடிவிட்டார். (11 ஆண்டுகள் கழித்து வெனிஸில் அவரையும் குத்திக் கொன்றார்கள்.) சேதி வெளியே தெரிந்தால் ஊர் கிளம்பிவிடும் என்ற பயத்தில் கர்தினால் சிபோ, டியூக் இன்னும் தூங்குகிறார் என்று சொல்லி நேரத்தைக் கடத்தினார்.

மெடிச்சி குடும்பத்தின் மூத்த கிளையில் ஆட்சியில் அமர்த்த முறைப்படி பிறந்த ஆண் வாரிசு இல்லை. இளைய கிளையில் ஒரு பையன் இருந்தான். ஊருக்கு வெளியே முஜெல்லோ மலைப் பகுதியில் வேட்டையாடிக்கொண்டு வளர்ந்தவன், வயது 17. மூத்த அரசியல்வாதி பிரான்செஸ்கோ குயிச்சார்தினிக்கு இது வசதியாகப் பட்டது. பையனுக்கு ஆண்டுக்கு 12,000 பொன் கொடுத்துவிடலாம், அவன் வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் போகட்டும், ஆட்சியை நாம் பார்த்துக்கொள்வோம் என்பது கணக்கு. ஜனவரி 9-ஆம் தேதி செனட் கோசிமோவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அப்போது ரோமில் இருந்த சிற்பி செல்லினி, இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரித்ததாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். ஒரு வாலிபனைத் துடியான குதிரையில் ஏற்றி, குதிமுள்ளும் மாட்டி, கடிவாளத்தையும் கையில் கொடுத்து, பூவும் பழமுமாய் இருக்கும் தோட்டத்தில் விட்டுவிட்டு, இந்த எல்லையைத் தாண்டாதே என்கிறீர்களே, தாண்ட நினைத்தால் யார் தடுப்பது என்று கேட்கிறார். நடந்து முடிந்த பிறகு எழுதியது, அதனால் தீர்க்கதரிசனத்துக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டாம். ஆனால் நடந்தது அதுவேதான். ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே குயிச்சார்தினி ஒதுங்கித் தன் கிராமத்து வீட்டில் உட்கார்ந்து வரலாறு எழுதத் தொடங்கிவிட்டார்.

கோசிமோவை வீழ்த்த நாடு கடத்தப்பட்டவர்கள் படை திரட்டி வந்தார்கள். 1537 ஆகஸ்ட் தொடக்கத்தில் மொந்தெமுர்லோவில் அந்தப் படை சிதறியது. வெற்றி தேடித் தந்தது அலெஸ்ஸாண்ட்ரோ வித்தெல்லி என்ற தளபதியும் ஸ்பானிய வீரர்களும். கோசிமோ களத்தில் இல்லை. பிடிபட்டவர்களில் பலரை ஃப்ளோரன்ஸின் பொதுச் சதுக்கத்தில் தலையை வெட்டினார்கள். அவர்களின் தலைவர் ஃபிலிப்போ ஸ்த்ரோஸியைக் கோட்டையில் அடைத்தார்கள். அந்தக் கோட்டையை முந்தைய டியூக் கட்டியபோது கடன் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1538-இல் அதற்குள்ளேயே செத்துக் கிடந்தார். தற்கொலை என்று அறிவித்தார்கள்.

நிஜமான போர்வீரர் கோசிமோவின் அப்பா. ஜொவான்னி, கருப்புப் பட்டைப் படையின் தலைவர் என்று பெயர் பெற்றவர். 1526-இல் மந்துவா பக்கம் நடந்த சண்டையில் பீரங்கிக் குண்டு காலில் பட்டது. காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பிடித்துக்கொள்ள யாரும் வேண்டாம் என்று சொல்லி, விளக்கைத் தானே கையில் பிடித்துக்கொண்டார் என்று, படுக்கையருகே இருந்த எழுத்தாளர் அரெத்தினோ எழுதி வைத்திருக்கிறார். அப்படியும் பிழைக்கவில்லை. வயது 28. மகனுக்கு அப்போது 7. அந்தச் சிறுவனைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு: குழந்தையை மாடியிலிருந்து கீழே போடச் சொல்லி, தெருவில் நின்ற அப்பா கையில் ஏந்திக்கொண்டாராம், பிள்ளை அழவில்லையாம். நான் நம்பவில்லை. ஆனால் இப்படி ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கும் அப்பாவுக்குப் பிள்ளையாக இருந்துகொண்டு கவசம் போட்டு ஓவியர் முன்னால் நிற்பது சாதாரண காரியமில்லை.

இதற்கு முன்பே ப்ரொன்சினோ இவரை ஒருமுறை வரைந்திருக்கிறார். அதைப் பார்த்தவர்களுக்குக் கவசப் படம் வேறு மாதிரி தெரியும். பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கிற அந்த ஓவியத்தில் கோசிமோ, கிரேக்கப் புராணத்தின் இசைக்கலைஞர் ஆர்ஃபியஸ். உடம்பில் துணி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறார். கையில் இசைக்கருவியின் வில், பக்கத்தில் இசையால் அடங்கிய பாதாள நாய். உடற்கட்டை ரோமில் இருக்கும் புகழ்பெற்ற பழைய சிலைத்துண்டான பெல்வெடேர் தோர்ஸோவிலிருந்து எடுத்திருக்கிறார் ஓவியர். 1539-இல் கோசிமோ நேப்பிள்ஸின் ஸ்பானிய ஆளுநர் மகள் எலியனோராவை மணந்தார். அந்தக் காலத்தை ஒட்டியது இந்தப் படம். பொதுமக்கள் பார்வைக்காக வரைந்ததாக இருக்காது. சண்டை முடிந்தது, இனி இசை என்று சொல்ல வந்த படம் என்று ஆய்வாளர்கள் விளக்கம் தருகிறார்கள். எனக்குக் கண்ணில் படுவது அந்தப் பையனின் திரும்பிய பார்வை. அதில் வெட்கம் இருக்கிறது, கொஞ்சம் கர்வமும் இருக்கிறது, நம்மை நேராகப் பார்க்கிறது. நாலைந்து ஆண்டுகளில் அது போய்விட்டது.

இடையில் என்ன நடந்தது? ஃப்ளோரன்ஸ், லிவோர்னோ கோட்டைகளில் புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் உட்கார்ந்திருந்தன. சொந்த ஊர்க் கோட்டையின் சாவி கையில் இல்லாதவர் எப்படி டியூக்? 1543-இல் பெரும் தொகை கொடுத்து அவற்றைத் திரும்ப வாங்கினார் கோசிமோ. கவசப் படத்தை அந்த நிகழ்ச்சியோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம், அது சரியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். 1545-இல் பேரரசர் தரும் தங்கக் கம்பளி விருது கிடைத்தது. உஃபிஸி படத்தில் அந்தப் பதக்கம் இல்லை. கிடைத்திருந்தால் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருக்க மாட்டார். ஆகவே படம் அதற்கு முந்தியது.

இனி எஃகைப் பார்ப்போம், படத்தில் ஓவியர் அதிகம் உழைத்த இடம் அதுதான். ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி, ப்ரொன்சினோ இளம் டியூக்கை முழு வெள்ளைக் கவசத்தில், ஒரு கையைத் தலைக்கவசத்தின் மேல் வைத்தபடி வரைந்தார் என்று குறிப்பிடுகிறார். வெள்ளைக் கவசம் என்றால் சாயம் ஏற்றாமல் மெருகு போட்ட எஃகு. அக்குளை மூடும் வட்டத் தகடுகளின் நடுவிலிருந்து கூர்முனை ஒன்று நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. கிட்டத்தில் போனால் கண்ணில் குத்திவிடும் போல இருக்கும்.

எவர்சில்வர் சொம்பை மேஜைமேல் வைத்து வரையச் சொல்லிக் கொடுக்கும் ஓவிய ஆசிரியர்கள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: சொம்பை வரையாதே, சொம்பில் தெரிகிற ஜன்னலை வரை. மெருகிட்ட உலோகத்துக்குச் சொந்த நிறம் கிடையாது. கிட்டத்தட்டக் கருப்புக்குப் பக்கத்திலேயே கிட்டத்தட்ட வெள்ளை வந்து நிற்கும். நடுவில் இருக்க வேண்டிய சாம்பல் நிறங்கள் மிகக் குறைவு. இரண்டும் சந்திக்கும் ஓரம் எங்கே கூர்மையாக இருக்கிறது, எங்கே மங்குகிறது என்பதை வைத்துத்தான் தகடு எங்கே வளைகிறது என்று கண்ணுக்குப் புரியும். ப்ரொன்சினோ இதைப் பலகையில், எண்ணெய் வண்ணத்தில், மெல்லிய பூச்சுகளாக ஒன்றின்மேல் ஒன்று போட்டுச் செய்கிறார். தூரிகை போன தடம் எங்கும் இல்லை. மார்புத் தகட்டில் ஓடும் வெளிச்சக் கோட்டைப் பார்த்தால், டியூக் நின்ற அறையின் ஜன்னல் எந்தத் திசையில் இருந்தது என்று ஊகிக்கலாம் போலத் தோன்றுகிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. ஓவியம் உயர்ந்ததா, சிற்பம் உயர்ந்ததா என்று அக்கால ஃப்ளோரன்ஸில் தீராத வழக்கு. பெனெதெத்தோ வார்க்கி என்ற அறிஞர் 1547 வாக்கில் கலைஞர்களுக்கு எழுதிக் கருத்துக் கேட்டார். மைக்கேலாஞ்சலோ, செல்லினி, ப்ரொன்சினோவின் குரு பொந்தோர்மோ எல்லாரும் பதில் போட்டார்கள். ப்ரொன்சினோவும் எழுதினார். சிற்பிகள் தரப்பு வாதங்களை ஒவ்வொன்றாக அழகாக எடுத்து வைத்தார், இனி ஓவியர் தரப்பைச் சொல்கிறேன் என்கிற இடத்தில் கடிதம் நின்றுவிட்டது. மீதி இல்லை. இத்தனைக்கும் எழுத வராதவர் அல்ல. காதல் சானெட்டும் ஆபாச நையாண்டிப் பாட்டும் எழுதிக் குவித்த கவிஞர். கவிஞர் என்றே டியூக்கின் இலக்கிய அவையான அகாதெமியில் உறுப்பினராக இருந்து, அதே 1547-இல் விதி மாறியபோது வெளியேற்றப்பட்டு, 1566-இல்தான் திரும்பச் சேர்க்கப்பட்டார். அந்தக் கடிதத்தின் மீதியை அவர் எழுதத் தேவையே இல்லை என்று எனக்குத் தோன்றும். கல்லிலும் வெண்கலத்திலும் கவசத்தின் வடிவத்தைச் செய்துவிடலாம். கவசத்தின் மேல் விழுந்த ஒரு காலை வெளிச்சத்தை அங்கேயே நிறுத்தி வைக்கச் சிற்பியால் முடியாது.

அந்தக் கை இருக்கிறதே, அதுதான் எனக்கு இந்தப் படத்தின் மர்மம். நீண்ட, வெளுத்த, எலும்பு தெரியாத விரல்கள். தலைக்கவசத்தை எடுக்கப் போகிற பிடி இல்லை, இப்போதுதான் கழற்றி வைத்த களைப்பும் இல்லை. சும்மா வைத்திருக்கிறது. சுற்றிலும் அத்தனை எஃகுக்கு நடுவே இந்தத் தோல் மட்டும்தான் வெட்டினால் ரத்தம் வரும் இடம். வாள் பிடித்துக் காய்த்த கையாக வரைவது ப்ரொன்சினோவுக்கு ஒன்றும் கடினமில்லை. அப்படிக் காட்டவில்லை. டியூக்கும் அதை மாற்றச் சொன்னதாகத் தெரியவில்லை. அப்பாவைப் போல வேடம் போட வேண்டிய அவசியம் இல்லை, உத்தரவு போடும் கை போதும் என்று இருவருக்கும் ஒரு புரிதல் இருந்திருக்க வேண்டும்.

முகத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒன்றும் தராத முகம். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு பிரதிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்த எரிச்சல் போய் ஒருவித மரியாதை வந்தது. ஒரு பார்வையில் ஒரு கணத்து மனநிலையைப் பிடித்துவிட்டால், அடுத்த பிரதியில் அது நழுவும், பட்டறைப் பையன் கையில் கேலிக்கூத்தாகும். இந்த முகத்தில் நழுவுவதற்கு ஒன்றும் இல்லை. விளிம்பு தெளிவு, ஒளி தெளிவு, உணர்ச்சி பூஜ்யம். யார் பார்த்து வரைந்தாலும் டியூக் டியூக்காகவே வருவார். ப்ரொன்சினோவை உணர்ச்சியற்றவர் என்று குறை சொல்பவர்கள் உண்டு. மற்றப் படங்களைப் பற்றி வாதாடலாம். இந்தப் படத்தில் அந்தக் குளிர்ச்சிதான் வேலை.

பிரதிகள் போன இடங்களைப் பார்த்தால் அந்த வேலை என்ன என்று தெரியும். வெளிநாட்டு அரசவைகளுக்கும் வேண்டியவர்களுக்கும் அன்பளிப்பாகப் போயின. கோமோ ஏரிக்கரையில் புகழ்பெற்றவர்களின் உருவப்படங்களைச் சேர்த்து ஓர் அருங்காட்சியகமே வைத்திருந்த பாவ்லோ ஜொவியோவுக்கும் ஒன்று போனது. (இதில் வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் கோசிமோ ஓர் ஓவியரைக் கோமோவுக்கு அனுப்பி ஜொவியோவின் படங்களையெல்லாம் வரிசையாக நகலெடுக்க வைத்தார். அவைதான் உஃபிஸியின் நடைக்கூடங்களில் உயரத்தில் கழுத்து வலிக்க வலிக்கத் தொங்குகின்றன.) நேரில் வர முடியாத இடத்தில் டியூக்கின் இடத்தை நிரப்ப இந்தப் பலகை போகிறது. 17 வயதில் தற்செயலாகப் பதவிக்கு வந்தவர் என்ற பேச்சை ஊர் ஊராக இது மறக்கடிக்க வேண்டும்.

சிட்னிப் படம் உஃபிஸி படத்தைவிடக் கொஞ்சம் பெரியது, உடம்பும் கூடுதலாகத் தெரிகிறது. தலைக்கவசம் வெட்டுண்ட ஒரு மரத்தண்டின் மேல் இருக்கிறது, தண்டில் லத்தீனில் அவர் பெயரும் பட்டமும். வெட்டிய தண்டில் துளிர் விடும் கிளை மெடிச்சிகளின் பழைய சின்னம். ஒன்றை ஒடித்தால் இன்னொன்று முளைக்காமல் போகாது என்ற பொருளில் ரோமானியக் கவி வர்ஜிலின் வரி ஒன்றைச் சற்று மாற்றிக் கோசிமோ தன் வாசகமாகவும் வைத்திருந்தார். ஒடிந்தவர் அலெஸ்ஸாண்ட்ரோ, முளைத்தவர் இவர். எனக்கு மரத்தண்டு இல்லாத உஃபிஸி படமே மேல். விளக்கம் கூடக் கூட அந்தக் கையின் மேலிருந்து கண் விலகிவிடுகிறது.

எல்லா ஆட்சியாளரும் இந்த மாதிரிப் பொறுமையான ஓவியத்தை வாங்கிக்கொண்டவர்கள் இல்லை. 1551-இல் வெனிஸ் ஓவியர் டிஷியன், பிற்காலத்தில் ஸ்பெயினின் இரண்டாம் ஃபிலிப் ஆகப்போகும் இளவரசரைக் கவசத்தில் வரைந்தார். இப்போது மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கேயும் ஒரு கை தலைக்கவசத்தின் மேல். பொன் இழைத்த கவசத்தில் டிஷியனின் தூரிகை தீப்பொறி போலத் தெறித்திருக்கிறது. இளவரசருக்குப் பிடிக்கவில்லை. படத்தை அத்தைக்கு அனுப்பும்போது, கவசத்தில் அவசரம் தெரிகிறது, நேரம் இருந்திருந்தால் திரும்ப வரையச் சொல்லியிருப்பேன் என்று எழுதினார். இன்று நமக்கு அந்த அவசரம்தான் உயிராகத் தெரிகிறது. ஃபிலிப்புக்கு ப்ரொன்சினோ கிடைத்திருந்தால் புகார் வந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

கோசிமோவிடமும் எதிர்மாதிரி ஒன்று இருந்தது. கோசிமோவின் ஆட்சியைப் பற்றி அப்படிச் சிரித்த அதே செல்லினி 1545-இல் ஃப்ளோரன்ஸுக்குத் திரும்பி வந்து, டியூக்கிடமே வேலை கேட்டு, வெண்கலத்தில் அவருடைய மார்பளவுச் சிலையைச் செய்தார். ஆளைவிடப் பெரியது. ரோமானியப் பாணிக் கவசம், நெரித்த புருவம், ஒரு பக்கம் வெட்டித் திரும்பிய தலை. கண்களில் அப்போது வெள்ளி பதித்திருந்தது. ப்ரொன்சினோவின் டியூக் உங்களைக் கவனிக்கவே மாட்டார், செல்லினியின் டியூக் பார்த்த மாத்திரத்தில் கைது செய்துவிடுவார். 1557-இல் அந்தச் சிலையை எல்பா தீவுக்கு அனுப்பினார்கள். கோசிமோ தன் பெயரிலேயே கொஸ்மொபொலி என்று அங்கே எழுப்பியிருந்த நகரத்தின் கோட்டை வாசலுக்கு மேல் வைத்தார்கள். அரண்மனைக்குள் வைக்கப் பிடிக்காமல் ஒதுக்கினார் என்று சிலர் சொல்கிறார்கள். கடற்கொள்ளையர் வரும் வழியில் நிறுத்த அதைவிடப் பொருத்தமான முகம் கிடையாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓவியத்தை ஒரு வேலைக்கும் சிலையை இன்னொரு வேலைக்கும் அனுப்பியவர் தன் முகத்தைப் பற்றி நன்றாக யோசித்தவர்.

இப்போது சிலை ஃப்ளோரன்ஸின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உஃபிஸியிலிருந்து நடந்தே போய்விடலாம், இரண்டையும் ஒரே காலையில் பார்க்கலாம். உஃபிஸிக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள், வரிசை தாங்காது. அங்கே கூட்டம் எல்லாம் அதே ப்ரொன்சினோ வரைந்த எலியனோராவின் பூவேலைப் பட்டு உடையின் முன்னால்தான் நிற்கும், கணவருக்கு முன்னால் நெரிசல் குறைவு. என்னைக் கேட்டால் முதலில் பார்ஜெல்லோ. வெண்கல முகத்தின் கோபம் நினைவில் இருக்கும்போதே வந்து ஓவியத்தின் முன் நின்றால், ப்ரொன்சினோ என்னவெல்லாம் வரையாமல் விட்டிருக்கிறார் என்று கண்ணுக்குத் தெரியும்.